கில்பர்ட் குறித்த ஞாயிற்றுக்கிழமை

மலேசியாவில், ஜொகூர் பாருவுக்குப் பக்கத்துச் செனாயில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு ஜப்பான் தொழிற்சாலையில் கில்பர்ட் இருபத்தாறு வருஷமாகத் தரம் பார்க்கும் கியூசி சூப்பர்வைசர். ஷாம்பு பாட்டில் மூடி, கிச்சாப் பாட்டில் மூடி, இருமல் மருந்து மூடி என்று நாளைக்கு லட்சக்கணக்கில் மூடிகள் கொட்டும். அரை மணிக்கு ஒரு தரம் ஐந்து மூடிகளை எடுத்து அளந்து, அந்த அளவை வரைதாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகள் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தால் மெஷின் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். தொடர்ந்து ஏழு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்துவிட்டால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது, மெஷினை நிறுத்து.

பயிற்சி வகுப்பில் இந்த விதியை முதன்முதலாகக் கேட்டபோது கில்பர்ட்டுக்குப் புல்லரித்துப் போனது. அந்தச் சமயத்தில்தான் அவர், உலகத்தின் முடிவைச் சொல்லும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தைக் கருத்தாக வாசிக்கத் தொடங்கியிருந்தார். ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம். ஆறும் இல்லை, எட்டும் இல்லை. ஜப்பான்காரன் கம்பெனிக்கே இந்த ஏழு தெரிந்திருக்கிறது என்றால் இதில் விஷயம் இல்லாமலா இருக்கும்?

அன்று பிடித்தது, பிறகு விடவில்லை. எட்டு வருஷத்துக்கு முன், தொழிற்சாலையில் தூக்கிப் போட்ட வரைதாள்களை ஒட்டி ஒட்டி, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் இருந்த சுவர் முழுக்க ஒரு சார்ட் போட்டார். அந்தப் புத்தகத்தில் யோவான் கண்ட தரிசனங்கள் எல்லாம் அதில் வரிசையாக ஏறின. நிறைவேறிவிட்டவை பச்சை மை. நிறைவேற வேண்டியவை சிவப்பு. சந்தேகமானவை பென்சில். விருந்தாளிகள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே தலையைத் தூக்கினால் ஏழு தலை மிருகத்தின் முகத்தில் விழிக்க வேண்டும். அவருடைய மனைவி வினிஃப்ரெட், தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, கல்யாணமான புதிதில் அந்தச் சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள். சார்ட் வந்த பிறகு அந்த ஆசையைப் பற்றி அவள் பேசுவதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த மேசையைச் சுற்றி வேத ஆராய்ச்சி நடக்கும். சபையிலிருந்து ஒன்பது பேர் வருவார்கள். அதில் ஒருநாளும் தவறாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கிரகோரி. லாபிஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருஷம் மர லாரி ஓட்டி, இப்போது ஓய்வில் இருப்பவர். கில்பர்ட் எதைச் சொன்னாலும் பலமாகத் தலையாட்டுவார். இன்னொருவர் ரீத்தா. பள்ளிச் சீருடை தைப்பவள். நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து கில்பர்ட் செவ்வாய்க்கிழமையே தயார் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

வெட்டுக்கிளிகளைப் பற்றிப் பேசிய புதன்கிழமையை யாரும் மறக்கவில்லை. ஐந்தாம் எக்காளம் ஊதும்போது பாதாளத்திலிருந்து வெட்டுக்கிளிகள் கிளம்புகின்றன. தலையில் கிரீடம் மாதிரி ஒன்று, மனித முகம், பெண்களுடையது போலக் கூந்தல், மார்பில் கவசம், சிறகடிக்கும் சத்தமோ போருக்கு ஓடும் ரதங்களின் இரைச்சல்.

"யோசிச்சுப் பாருங்க," என்றார் கில்பர்ட். "காலையில அஞ்சு மணிக்கு ஜொகூர் பாரு பாலத்துல போய் நின்னு பாருங்க. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற மோட்டார் சைக்கிள் கூட்டம். தலையில ஹெல்மெட். அது கிரீடம். ஜாக்கெட்டைக் காத்து புகாம முன்பின்னா மாத்தி மாட்டியிருக்கான். அது கவசம். சத்தத்தைக் கேளுங்க. ரதம்தானே?"

கிரகோரி பலமாகத் தலையாட்டினார். சமையலறை வாசலில், அன்றைய வேலை முடிந்து அப்போதுதான் பாலம் கடந்து வந்த மகள் ஃபெலிசியா நின்றிருந்தாள். கையில் ஹெல்மெட். ஜாக்கெட் முன்பின்னாக. கூந்தல் கலைந்து தோள் வரை தொங்கியது.

"அப்போ நான் வெட்டுக்கிளியா டேடி?"

"நீ இல்லம்மா. பொதுவா சொல்றேன்."

"வெட்டுக்கிளி அஞ்சு மாசம்தான் வேதனைப்படுத்தும்னு எழுதியிருக்கு பிரதர்," என்றாள் ரீத்தா, நோட்டைப் பார்த்து. "இவங்க வருஷம் முழுக்கப் போறாங்களே?"

கில்பர்ட் அந்த இடத்தைப் பென்சிலில் மாற்றினார்.

இப்படி எட்டு வருஷம் கூட்டிக் கழித்து, கடைசியில் அவர் ஒரு நாளைக் கண்டுபிடித்தார். தானியேல் சொன்ன ஏழு காலங்களை இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது வருஷமாக ஆக்கி, பாரசீக அரசன் காலத்துச் சூரிய கிரகணம் ஒன்றை ஆரம்பமாக வைத்து எண்ணிக்கொண்டே வந்ததில், அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதம் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்று வந்தது. ஏழாம் எக்காளம். அன்றைக்கு என்ன நடக்கும் என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. உலகம் முடியும் என்றும் சொல்லவில்லை. "ஏதோ ஒண்ணு" என்று மட்டும் சொன்னார். புதன்கிழமைக்காரர்களிடம் சொல்லி, வாட்சப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். வினிஃப்ரெட்டிடம் சொல்லப் போனபோது அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"எந்த நாள்னு என்கிட்ட சொல்லாதீங்க. நான் டிசம்பர் லீவுக்கு பினாங்கு போக டிக்கெட் எடுத்தாச்சு."

ஃபெலிசியா கல்யாணப் பேச்சை எடுத்தது அந்த ஆகஸ்டுக்கு ஆறு மாதம் முன்னால், பிப்ரவரியில். பையன் பெயர் சிறீகாந்தன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இந்துக்கள். அவளைப் போலவே சிங்கப்பூரில் வேலை. பாலத்தில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பழக்கம்.

"அவரும் வெட்டுக்கிளிதான் டேடி," என்றாள்.

கில்பர்ட் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சார்ட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு பையன் வீட்டுக்கு வந்தான். வந்தவன் சுவரைப் பார்த்து, மிருகத்துக்கு ஏன் பத்துக் கொம்பு, தலை ஏழுதானே, எந்தத் தலைக்கு இரட்டைக் கொம்பு என்று கேட்டான். எட்டு வருஷத்தில் ரீத்தாகூடக் கேட்காத கேள்வி அது. கில்பர்ட்டின் முகம் மலர்ந்தது. காலையில் கோயிலில் தாலி, மாலையில் சபையில் ஜெபம், இரவு ஒரே மண்டபத்தில் விருந்து என்று பெண்கள் பேசி முடித்தபோது அவர் குறுக்கே வரவில்லை. தேதி ஒன்றுதான் பாக்கி. அதைப் பையனின் அப்பா குறித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

பையனின் அப்பா சிவசம்பு நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி மீனலோசனியோடு, தட்டில் பழங்களும் கையில் பிளாஸ்டிக் கோப்புமாக வந்து இறங்கினார். சம்பந்தி வீட்டார் முதல் தடவை வருகிறார்களே என்று வினிஃப்ரெட் காலையிலேயே சார்ட்டின் மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். பார்த்தால் சன்னலுக்குத் திரை போட்ட மாதிரி இருக்கும். சன்னல்தான் அங்கே இல்லை.

தேநீர் வந்தது. உளுந்து வடை வந்தது. சிவசம்பு கோப்பைத் திறந்து மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"நான் ரெண்டு பேற்ற குறிப்பையும் வச்சுப் பார்த்தனான். பிள்ளையின்ர பிறந்த நேரம் வினிஃப்ரெட் ரீச்சர் தந்தவ. ஆவணி மாசம், வளர்பிறை, ஞாயிற்றுக்கிழமை. அருமையான நாள். இதை விட்டா அடுத்த வருஷம் வரைக்கும் ரெண்டு பேருக்கும் பொருந்திற நாள் இல்லை." விரலைத் தாளின் மேல் வைத்தார். "ஆகஸ்டு இருபத்து மூன்று."

கில்பர்ட்டின் கையிலிருந்த வடை தேநீரில் விழுந்தது.

"அன்னைக்கு முடியாது," என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஏன் முடியாதுங்க?" என்றாள் வினிஃப்ரெட்.

"மண்டபம் கிடைக்காது. ஞாயித்துக்கிழமை லா. ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்திருப்பான்."

வினிஃப்ரெட் கைப்பேசியை எடுத்து மண்டபத்துக்காரரை அழைத்தாள். அவர் அந்த நாள் காலியாகத்தான் இருக்கிறது என்றார். அழைப்பு ஸ்பீக்கரில் இருந்ததால் மீனலோசனி வரைக்கும் கேட்டது.

"சர்ச்சுலே அன்னைக்கு வேற நிகழ்ச்சி இருக்கு," என்றார் கில்பர்ட்.

"என்ன நிகழ்ச்சி? எனக்குத் தெரியாம?"

"ஒரு... பெரிய நிகழ்ச்சி."

அவர் கண் தன்னையறியாமல் பூப்போட்ட விரிப்பின் பக்கம் ஒரு தரம் போய் வந்தது. அது போதும், வடைத் தட்டோடு நின்ற ஃபெலிசியாவுக்கு. இருபத்தெட்டு வருஷம் அந்த மனிதரோடு வாழ்ந்தவள்.

"டேடி. அந்த நாளா? உங்க சார்ட்டுல இருக்கிற நாள் என் கல்யாண நாளா?"

அவள் எழுந்து போய் விரிப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். ஏழு தலை மிருகம் சம்பந்திகளைப் பார்த்தது. மீனலோசனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டு தேநீரில் ஊறிக் கரையும் வடையைப் பார்த்தபடி, மெல்லிய குரலில், எல்லாவற்றையும் சொன்னார். முத்திரை, எக்காளம், கலசம், பாரசீக அரசன், கிரகணம். சொல்லி முடித்துவிட்டுச் சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சிவசம்பு சிரிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவருக்கு நாலு விரல் தூரத்தில் மூக்கை வைத்து, இடது மூலையிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

"பென்சில் ஒண்டு இருக்கோ?" என்றார் திரும்பிப் பார்க்காமல்.

மீனலோசனி வினிஃப்ரெட்டின் பக்கம் சாய்ந்தாள். "இனி இவர் எழும்பி வர மாட்டார். சோறு போட அரிசி இருக்கோ? நான் வெங்காயம் உரிச்சுத் தாறன்."

இரண்டு அம்மாக்களும் சமையலறைக்குப் போனார்கள். சுவரோரம் இரண்டு அப்பாக்களும் நின்றார்கள். முதல் கால் மணி நேரம் கில்பர்ட் பரீட்சை எழுதிய பையன் மாதிரி கைகட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிவசம்பு ஒன்று கேட்க, இவர் பதில் சொல்ல, அவர் மறுக்க, இவர் வேதாகமத்தை எடுத்துவர, சமையலறையில் கேட்கும்படி குரல்கள் உயர்ந்தன. தன் கணக்கை ஒரு மனிதர் வரிவரியாகச் சரிபார்ப்பது கில்பர்ட்டுக்கு அதுவே முதல் தடவை. சபையில் எல்லோரும் நம்பினார்கள், அல்லது கொட்டாவி விட்டார்கள். சரிபார்த்தவர் யாரும் இல்லை.

சோறு வெந்து ரசம் கொதித்த நேரத்தில் சிவசம்பு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"மிஸ்டர் கில்பர்ட், கணக்கு அருமை. ஒரு பிழைதான். ஒரு வருஷம் கூடிப்போச்சு."

"எங்க?"

"கிறிஸ்துவுக்கு முன் ஒண்டு, அதுக்கு அடுத்தது கிறிஸ்துவுக்குப் பின் ஒண்டு. நடுவில சுழியம் எண்டு ஒரு வருஷம் இல்லை. அதுக்காக நீங்கள் ஒரு வருஷத்தைக் கூட்டினீங்கள். சரிதான். ஆனா இந்தக் கிரகண அட்டவணை வானியல்காரர் போட்டது. அவை சுழியத்தையும் ஒரு வருஷமா வச்சுத்தான் எண்ணுவினம். கூட்ட வேண்டியதை அவையே கூட்டிப்போட்டினம். நீங்கள் திரும்பவும் கூட்டியிருக்கிறீங்கள்."

கில்பர்ட் சுவரைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார்.

"அப்போ அந்த நாள் அடுத்த வருஷமா?"

"இல்லைப் பாருங்கோ. போன வருஷம்."

ரசக் கரண்டியோடு வாசலில் நின்ற வினிஃப்ரெட்தான் முதலில் வாய் திறந்தாள்.

"போன வருஷம் ஆகஸ்டு இருபத்து மூணு நாம எங்க இருந்தோம்?"

ஃபெலிசியா கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கிடைத்தது. லாபிஸில் கிரகோரியின் தம்பி தோட்டம். டுரியான் பழக் கூடையின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கையிலும் சுளையோடு, வாயெல்லாம் பல்லாகக் கில்பர்ட். அடுத்த படம் திரும்பி வரும் வழியில் பெட்ரோல் நிலையம். அதில் கில்பர்ட் இல்லை. கழிவறைக் கதவு மட்டும் இருந்தது. வெளியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது வினிஃப்ரெட்.

"ஏழாம் எக்காளம் ஊதினப்போ," என்றாள் வினிஃப்ரெட் நிதானமாக, "நீங்க உள்ள இருந்தீங்க."

மீனலோசனியால் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் ஃபெலிசியாவும் சேர்ந்துகொண்டாள். கில்பர்ட்டும் சிரிக்கத்தான் முயன்றார். சிவசம்பு மட்டும் அவர் தோளில் கை வைத்தார்.

"விடுங்கோ சம்பந்தி. மூத்தவன்ர கலியாணத்துக்கும் நான்தான் நாள் குறிச்சனான். ஒரு குற்றம் சொல்ல ஏலாத முகூர்த்தம். மண்டபத்துக்குள்ள முழங்கால் மட்டும் வெள்ளம். மாப்பிள்ளையைக் கதிரையோட தூக்கினவங்கள்."

ஆகஸ்டு இருபத்து மூன்று என்று கல்யாணத் தேதி அன்றைக்கே உறுதியானது.

ஆனால் மறுநாள் தொழிற்சாலையில் கில்பர்ட்டுக்கு வேலை ஓடவில்லை. எட்டு வருஷமாக ஒரு நாளை நோக்கி நடந்துகொண்டிருந்தவர் அவர். அந்த நாள் அவரைக் கேட்காமலே வந்து, டுரியான் தின்ற வயிற்றோடு அவரைக் கழிவறையில் உட்கார வைத்துவிட்டு, போயும் விட்டது. வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, விடிந்தால் எதற்காக எழுவது என்று தெரியாத ஒரு வெறுமை. பத்து மணிக்கு நான்காம் எண் மெஷினில் ஏழு புள்ளிகள் வரிசையாகக் கோட்டுக்கு மேலே விழுந்தன. மெஷினை நிறுத்தினார். மெக்கானிக் வந்து அச்சைக் கழற்றி, சூட்டைப் பார்த்து, எண்ணெயைப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் இல்ல போஸ். சும்மா விழுந்திருக்கு."

"ஏழும் சும்மாவா?"

"சில நேரம் அப்படித்தான் விழும் லா."

இருபத்தாறு வருஷத்தில் இந்தப் பதிலை அவர் எத்தனையோ தடவை கேட்டிருந்தார். காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

புதன்கிழமை வந்தது. தலைவலி என்று சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைக்கலாமா என்று மூன்று நாளாக யோசித்தவர், கடைசியில் சட்டை மாற்றிக்கொண்டு மேசைக்கு வந்தார். ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று, தப்பான கணக்கையும் தாண்டிப்போன நாளையும் சொன்னார். கழிவறை விவரத்தை மட்டும் சொல்லவில்லை.

ரீத்தா பேனாவை மூடினாள். "அப்போ ஒரு வருஷமா நாம எந்த நாளுக்காக பிரதர் ஜெபம் பண்ணிட்டிருக்கோம்?"

அப்போது கிரகோரி, வழக்கமாகத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்பவர், தொண்டையைச் செருமினார்.

"அப்போ என் கண்ணு?"

"உங்க கண்ணுக்கு என்ன பிரதர்?"

"ரெண்டு கண்ணுலயும் புரை. டாக்டர் ஜனவரியிலேயே ஆபரேஷனுக்கு தேதி கொடுத்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன். ஆகஸ்டு மாசம் ஆண்டவரே புதுக் கண்ணு கொடுக்கப் போறாரு, நடுவுல எதுக்குக் கத்தின்னு விட்டுட்டேன்."

கில்பர்ட் வேதாகமத்தை மூடினார். மேசையைச் சுற்றிக்கொண்டு கிரகோரியின் அருகில் வந்தார்.

"இப்போ எவ்வளவு தெரியுது உங்களுக்கு?"

"ஆள் நிக்கிறது தெரியும். யாருன்னு தெரியாது. குரலை வச்சுக் கண்டுபிடிச்சிருவேன்."

"இந்தச் சார்ட்டு?"

"அது ரெண்டு வருஷமாவே தெரியாது. வெள்ளையா ஒரு சுவரு. நீங்க கையை நீட்டுற பக்கம் திரும்பித் தலையாட்டுவேன்."

"இங்க எப்படி வந்தீங்க?"

"மோட்டார்லதான்."

"அலாமாக்!" என்று மற்ற எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். ரீத்தா முதல் வேலையாக வாசலுக்குப் போய், கிரகோரியின் மோட்டார் சாவியை உருவி எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கில்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். சார்ட்டு யாருக்கும் கெடுதல் செய்யாத பொழுதுபோக்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார். ஒரு மனிதர் அதை நம்பிக் கண்ணை விட்டிருக்கிறார்.

"இனிமே இதைப் பத்திப் பேசுறதுக்கு எனக்குத் தகுதி இல்ல," என்றார். "இந்த இருபத்தொண்ணும், முத்திரை, எக்காளம், கலசம், எதுக்கு வரிசையா வருதுன்னு எனக்குத் தெரியல. தெரியவே இல்ல."

வினிஃப்ரெட் பொரித்த கறிபாப் பலகாரத் தட்டோடு வந்து மேசையில் வைத்தாள். வழக்கமாக வைத்துவிட்டுப் போய்விடுவாள். அன்று நின்றாள்.

"வரிசையான்னு யாரு சொன்னது?"

"என்ன வினி?"

"நான் எட்டு வருஷமா எச்சில் தட்டை எடுக்கும்போதெல்லாம் இதைத்தானே பார்க்கிறேன். முத்திரை உடைக்கிறப்போ பூமியில கால் பங்குக்கு அடி. எக்காளம் ஊதுறப்போ மூணுல ஒரு பங்கு. கலசம் ஊத்துறப்போ முழுசும். ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு இல்லங்க. ஆண்டவர் ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்றாரு. ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடுது."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"நான் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறது எப்படி? முதல்ல சமையல்கட்டுல இருந்து கூப்பிடுவேன். வர மாட்டீங்க. ரெண்டாவது, வாசல்ல வந்து கத்துவேன். வர மாட்டீங்க. மூணாவது, கரண்டியோட வந்து நிப்பேன். அதுக்காக நான் மூணு வேளைச் சாப்பாடு ஆக்கினேன்னு அர்த்தமா? ஒரே சோறுதான்."

ரீத்தா பேனாவைத் திறந்து வேகமாக எழுதினாள்.

"இன்னொண்ணு," என்றாள் வினிஃப்ரெட். "அடிச்சு முடிச்சிடணும்னு நினைச்சிருந்தா முதல் தடவையே முடிச்சிருக்கலாமே. எதுக்குக் கால் பங்கோட நிறுத்தணும்? என் வகுப்புல நாப்பது வாலு இருக்கு. நான் ஒரு தடவைக்கு மூணு தடவை சொல்றேன்னா, அதுங்க திருந்தும்னு எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்குன்னு அர்த்தம். கறிபாப் ஆறிடும், எடுத்துக்குங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். கில்பர்ட் வேதாகமத்தைப் புரட்டினார். ஆறாம் எக்காளத்துக்கு அடுத்து, மிஞ்சியிருந்த மனிதர்கள் அப்போதும் மனந்திரும்பவில்லை என்று இரண்டு வசனம் இருந்தது. எத்தனையோ தடவை வாசித்ததுதான். அதில் எண் எதுவும் இல்லாததால் அவர் அதைச் சார்ட்டில் ஏற்றவே இல்லை. அன்று மூன்றாம் தடவை அதை வாசித்தபோது எழுத்துகள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு, கிரகோரியைத் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போன பிறகு மறுபடி தேதிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. எண் வாங்கியதும் கில்பர்ட்தான், கவுண்டர் கவுண்டராகப் படிவத்தோடு அலைந்ததும் கில்பர்ட்தான். விஷயம் கேள்விப்பட்ட சிவசம்பு, ஆபரேஷனுக்கு நல்ல நேரம் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டனுப்பினார். டாக்டர் கொடுக்கிற நேரமே போதும் என்று கிரகோரி பணிவாகச் சொல்லி அனுப்பினார். மே மாதம் ஒரு கண், ஜூலையில் இன்னொன்று. முதல் கண்ணின் கட்டை அவிழ்த்த அன்று எதிரே நின்ற கில்பர்ட்டைக் கிரகோரி நெடுநேரம் பார்த்தார்.

"பிரதர், நீங்க எப்போ இவ்வளவு கிழவராயிட்டீங்க?"

சார்ட்டைச் சுவரிலிருந்து இறக்கியது வினிஃப்ரெட். கில்பர்ட் தடுக்கவில்லை. கிழிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அதைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் கல்யாண விருந்துக்கு யார் எந்த மேசை என்று கட்டம் போட்டாள். அறுபது மேசை. நல்ல அகலமான தாள் என்று மீனலோசனியிடம் பாராட்டினாள். புதன்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. அதே புத்தகத்தின் தொடக்கத்தில் ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து மறுபடி தொடங்கினார்கள், வாரத்துக்கு ஒரு கடிதம். சிவசம்பு இரண்டு தடவை வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். ரீத்தாவுக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் கில்பர்ட் மத்தியஸ்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஆகஸ்டு இருபத்து மூன்றாம் தேதி விடிந்தது. காலையில் தாலி ஏறியது. மாலையில் சபையில் ஜெபம் நடந்தது. ஏழு மணிக்கு மண்டபத்தில் விருந்து தொடங்கியபோது வெளியே வானம் கறுத்து, ஜொகூர் பாருவே அடித்துப்போகிற மாதிரி மழை இறங்கியது. பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெரிய இடி ஒன்று விழுந்தது. மண்டபத்தின் விளக்கு மொத்தமும் அணைந்தது.

இருட்டில் முதலில் கைப்பேசி விளக்கைப் போட்டவள் ரீத்தா. அந்த வெளிச்சம் மேடையில் இருந்த பெண் மாப்பிள்ளை பக்கம் போகவில்லை, நேராகக் கில்பர்ட்டின் முகத்துக்கு வந்தது. அடுத்து கிரகோரியின் விளக்கு. அப்புறம் மற்ற புதன்கிழமைக்காரர்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்பது வெளிச்சத்துக்கு நடுவில், வேட்டி சட்டையோடு, வாயில் கரண்டியோடு கில்பர்ட் உட்கார்ந்திருந்தார். முந்திரியை மென்று விழுங்கினார். கூரையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஃபியூஸ் போயிருக்கும்," என்றார். "ஜெனரேட்டர் போடச் சொல்லுங்க லா."

பிறகு, வெளிச்சங்கள் மேடைப் பக்கம் திரும்பியதும், இருட்டில் கை நீட்டி, பக்கத்தில் இருந்த சம்பந்தியின் கிண்ணத்தில் இன்னும் பாயாசம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.